இரண்டு பக்கமும் தலை

இந்த வாரம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

விஷயம் ஒன்றுமில்லை... ஒரு ஐந்து ரூபாய் காசு.

பரீட்சை சீசனில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்துக்கு மண் ரோடு பிரிகிற இடத்தில் இருக்கும் பாய் கடையில் வாழைப்பழம் வாங்கினேன். பாய் கூனிமேட்டுக்காரர். டீ, பீடி, பழம், பிஸ்கட், ஊர் வம்பு — எல்லாம் அவரிடம் கிடைக்கும். மீதிச் சில்லறையில் ஒரு ஐந்து ரூபாய் காசு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், சில்லறையை டப்பாவில் போடுவதற்கு முன், ஒவ்வொரு காசிலும் வருடத்தைப் பார்ப்பேன். பழைய வாசகர்களுக்கு என் இந்த வியாதி தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன்: நான் பிசிக்ஸ் டீச்சர். எதையும் அளக்காமலும் எழுதி வைக்காமலும் விட முடியாத ரகம். மழை எத்தனை மில்லிமீட்டர், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று டைரியில் எழுதுகிறவள். என் கணவர் அதைப் 'பஞ்சாயத்துப் பதிவேடு' என்பார்.

அந்த ஐந்து ரூபாயில் வருடத்தைத் தேடினேன். சிங்கம் இருந்தது. சரி, இது தலை. வருடம் மறுபக்கம், '5' என்ற எண்ணுக்குக் கீழே இருக்கும். அதாவது பூ பக்கம். திருப்பினேன்.

சிங்கம்.

திருப்பத் தெரியாமல் திருப்பிவிட்டேனோ என்று மறுபடி திருப்பினேன். சிங்கம்!

"என்ன, காசு ஏதாவது பேசுதா?" என்றார் கணவர், பேப்பரை இறக்காமல்.

"ரெண்டு பக்கமும் தலை."

வாங்கிப் பார்த்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பினார். "அது சரி... இது எத்தனை ரூபாய்னு எங்கேயுமே போடலையே? அஞ்சுன்னு நீ எப்படிச் சொல்றே?"

நியாயமான கேள்வி. வருடமும் இல்லை, மதிப்பும் இல்லை. பிறந்த தேதியும் பெயரும் இல்லாத காசு.

உண்மையைச் சொல்வதற்கு என்ன? அரைமணி நேரம் நான் லட்சாதிபதியாக இருந்தேன். ஒழுகுகிற மாடி அறைக்குத் தளம் போட்டேன். கணவருக்குப் புது ஸ்கூட்டர் வாங்கினேன். அவருக்கு ஸ்கூட்டர் வேண்டாமாம், முட்டி ஆபரேஷன் போதுமாம். அதையும் செய்தேன்.

பிறகு புத்தி வந்தது.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பலர். 'என்னிடம் காந்தி படம் போட்ட காசு இருக்கிறது, எவ்வளவு கிடைக்கும்?' 'என்னிடம் தாமரைப் பூ போட்ட இருபது பைசா இருக்கிறது, வீடு வாங்க முடியுமா?' எல்லோருக்கும் ஒரே பதில்தான் எழுதுகிறேன். நாம் முதல்முறையாகப் பார்ப்பதால் ஒரு காசு அபூர்வம் ஆகிவிடாது. அது எத்தனை அடிக்கப்பட்டது, எத்தனை மிஞ்சியிருக்கிறது, எப்படிப் பிறந்தது... இந்த மூன்றும்தான் கணக்கு. ஊருக்கு எழுதிய பதிலை எனக்கும் எழுதிக்கொள்ள வேண்டாமா?

முதலில், எப்படிப் பிறந்தது என்று பார்த்தேன்.

காசு அடிக்கிற மின்ட்டில் பிழை நடப்பது உண்டு. அடித்த காசு சில சமயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தகடு அதன் மேல் விழுந்தால், அந்தத் தகட்டில் ஒரு பக்கம் தலை ஒழுங்காக விழும். மறுபக்கம் அதே தலை பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பி விழும். காசு சேர்க்கிறவர்கள் அதை 'லக்கி' என்பார்கள். அது உண்மையிலேயே அபூர்வம். ஆனால் என் காசில் இரண்டு தலையும் மேடாக இருந்தன. இரண்டும் நேராக இருந்தன. எழுத்துகள் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் படிக்கிற மாதிரி இருந்தன.

சந்தேகம் ஒன்று.

மொசைக் தரையில் போட்டேன். நல்ல ஐந்து ரூபாய் 'டிங்' என்று மணி அடிக்கும். இது 'டொக்' என்றது.

சந்தேகம் இரண்டு.

மறுநாள் லேப் தராசில் வைத்தேன். ஒன்பது கிராம் இருக்க வேண்டிய காசு எட்டே முக்காலைத் தொடவில்லை. தேய்மானம் என்றால் சிங்கத்தின் மூக்கு போயிருக்க வேண்டும். மூக்கு இருந்தது.

அப்புறம் லென்ஸ். விளிம்பில் ஓடும் அந்தப் பள்ளமும் அதிலுள்ள வேலைப்பாடும் சரியாகவே இருந்தன. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும், விளிம்புக்கு உள்ளே ஒட்டியபடி, தலைமயிர் மாதிரி ஒரு கோடு. முழு வட்டம். ஒரு காசின் வயிற்றை லேத்தில் குடைந்து, இன்னொரு காசின் தலையை மெல்லிய வில்லையாகச் சீவி, உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை தெரிந்தவன் வேலை. பாராட்டத்தான் வேண்டும். செருப்பால் அடித்துவிட்டு!

விளிம்புப் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. ஆனால் எங்கள் மரக்காணத்தில் எதை நக்கினாலும் உப்புதான்... அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்குள் பப்ளிக் எக்ஸாம் வேலை வந்து கழுத்தைப் பிடித்தது. மூன்று ஞாயிறு போனபின் ஒரு ஞாயிறு பாண்டிச்சேரி போனேன். அங்கே சந்தையில் பழைய காசு பரப்பி விற்பவர் ஒருவர் உண்டு. எனக்குப் பல வருடப் பழக்கம். காசை வாங்கி ஒரே திருப்பு திருப்பினார்.

"மின்ட்டுல பொறக்கலம்மா இது. லேத்துல பொறந்துது."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. எதுக்குச் செய்வாங்க?"

"மேஜிக் காட்டறவங்க வெச்சிருப்பாங்க. ஆனா அவங்க காசு பளபளன்னு இருக்கும்மா, துணியில சுத்தி வெப்பாங்க. இதப் பாருங்க, விளிம்பெல்லாம் அடிபட்டுக் கெடக்குது. தெனம் மேல போயி கீழ வுழுந்த காசு." சிரித்தார். "எவனோ டாஸ் போட்டு எவன் சோத்துலயோ மண்ணப் போட்டிருக்கான். எனக்குக் குடுக்கறீங்களா? அம்பது ரூபா தர்றேன். வெளையாட்டுச் சாமான் கேக்கறவங்க வருவாங்க."

கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது காற்று முகத்தில் அடித்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் தினமும் டாஸ் போடுகிறவர்கள் யார்?

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து உப்பளம் ஒன்றில் லோடு ஏற்ற இரண்டு செட் உண்டு. ஆணும் பெண்ணும் கலந்த செட், பெண்கள்தான் அதிகம். குவியலிலிருந்து உப்பைக் கூடையில் வாரி, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றுவது வரை ஒரு செட்டின் பொறுப்பு. காலையில் லாரி வந்தால் எந்த செட் ஏற்றுவது? டாஸ். மேஸ்திரி காசைச் சுண்டுவார். ஜெயித்த செட்டுக்கு அந்த லாரி. இரண்டாவது லாரி வந்தால் அது தோற்ற செட்டுக்கு. இரண்டாவது லாரி பல நாள் வராது. தோற்ற செட் வெறும் கூடையோடு வீட்டுக்குப் போகும்.

இதில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு செட்டுக்கு எப்போதும் தலை. இன்னொரு செட்டுக்கு எப்போதும் பூ. பெயரே 'தலை செட்', 'பூ செட்' என்றுதான். இன்றைக்கு யார் எதைக் கேட்பது என்று தினமும் வாய்ச்சண்டை வரக் கூடாது என்று, நல்லெண்ணத்தோடு யாரோ எப்போதோ செய்த முடிவு. காசு மேலே போனதும் இரண்டு செட்டின் தலைவர்களும் தங்கள் பங்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது ஒரு சடங்கு மாதிரி. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பங்கு மாறாது.

சண்டை வரக் கூடாது என்று நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரமாக இருந்ததால்தானே ஒருவன் லேத் பட்டறைக்குப் போனான்?

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், எக்ஸாம் சமயத்துல ஒரு அஞ்சு ரூபா காசு குடுத்தீங்க. யாரு உங்ககிட்ட குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"செல்லலையா டீச்சர்? குடுங்க, மாத்திடலாம்."

"செல்லாம இல்ல. யார் குடுத்தது?"

"யா அல்லா, கல்லாவுல வுழற காசுக்கெல்லாம் நான் பேரு வெக்கறேனா?" என்றவர், டீ ஆற்றுவதை நிறுத்தினார். "இருங்க... இருங்க. கோதண்டம் மேஸ்திரி மூணு வாரமா வந்து உசிர வாங்கறாரு. 'பாய், என் ராசிக் காசு ஒண்ண தவறிப்போயி உன் கல்லாவுல போட்டுட்டேன், பாரு, பாரு'ன்னு. ரெண்டு தடவ கல்லாவையே கவுத்துக் காட்டினேன். அஞ்சு ரூபா காசுக்கு அம்பது ரூபா தர்றேன்றாரு! அப்பவே நெனச்சேன், இது என்னா காசுடான்னு."

காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பினார். மறுபடி திருப்பினார். காசை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று இப்போது சொல்ல வேண்டும். அஞ்சலையால்.

அஞ்சலைதான் பூ செட்டின் தலைவி. 'தலைவியாக இருந்தவள்' என்று எழுத வேண்டும். அந்தக் காசு என் கைக்கு வருவதற்குச் சில நாள் முன்னால் அவளை நீக்கிவிட்டார்கள். தலைமையிலிருந்து மட்டுமல்ல, செட்டிலிருந்தே. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டு வேலை கேட்டு வந்தாள். எங்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்த்தாள். ஏன் உப்பளத்தை விட்டாய் என்று கேட்டபோது, "ராசி இல்லன்னுட்டாங்க டீச்சர்" என்றாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

மறுநாள் காலை அவள் வந்ததும் முழுக் கதையையும் கேட்டேன். சபீனாப் பொடியைத் தொட்டுக் குக்கரைத் தேய்த்தபடியே சொன்னாள்.

"மொதல்ல வெளையாட்டாத்தான் சொன்னாளுங்க டீச்சர். 'அஞ்சலக்கா வாயத் தொறந்தா தலதான் வுழும்'னு. சிரிச்சிக்கினு வூட்டுக்குப் போவோம். சுனாமி வந்து, போன வருசம் பாத்தியெல்லாம் சேறாப் பூட்டுது, வேலையே இல்ல. இந்த வருசமாச்சும் ரெண்டு காசு பாக்கலாம்னு இருந்தா, தெனம் தல. தெனம் தல. எப்பனாச்சும் ஒரு நாளு பூ வுழும். அப்புறம் சிரிக்கறத வுட்டுட்டாளுங்க."

"அப்புறம்?"

"என் தம்பி பொண்டாட்டி இருக்குறா, ராணி. அவதான் மூஞ்சிக்கு நேரா கேட்டா. 'பூ வைக்காதவ பூ கேட்டா எப்பிடி அண்ணி வுழும்?'னு."

அஞ்சலையின் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சில வருடம் ஆகிறது.

"என்னா சொல்றது டீச்சர் அதுக்கு? என் தம்பி பக்கத்துலதான் நிக்கறான். அவனும் கேட்டுக்கினு நிக்கறான். 'கூடைய வெச்சிட்டுப் போ'ன்னுட்டாளுங்க, வந்துட்டேன். அதுக்கப்புறம் ராணிதான் கேக்குறா. இப்ப பாதி நாளு பூ வுழுதாம்." குக்கரைக் கவிழ்த்தாள். "அப்ப நாந்தான டீச்சர்? என் ராசிதான?"

பாருங்கள்... அஞ்சலையை நீக்கினார்கள், உடனே பூ விழ ஆரம்பித்தது. இதைவிடப் பெரிய நிரூபணம் யாருக்கு வேண்டும்? அவள் போன அதே வாரம் அந்தக் காசும் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து தவறிப் பாய் கடைக்குப் போயிற்று என்பது யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாதே! தன்னைப் பற்றி ஊர் சொன்னதை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

காசை அவள் முன்னால் வைத்தேன். "திருப்பிப் பார்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். நிமிர்ந்தாள்.

"பூ எங்க டீச்சர்?"

"இல்ல அஞ்சலை. இந்தக் காசுல பூவே இல்ல. இது மேஸ்திரி காசு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சமையலறைத் தரையில் காசைச் சுண்டிப் போட்டாள். தலை. எடுத்து மறுபடி சுண்டினாள். தலை. பிறகு காசைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் கேட்டேன் டீச்சர். ஒரு நாளு கேட்டேன், 'மேஸ்திரி, காச இப்பிடிக் காட்டு'ன்னு. 'தோத்துட்டுக் காசு மேல பழி போடறியா'ன்னாரு. எங்க ஆளுங்களே சிரிச்சாளுங்க."

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தலை செட்டின் தலைவருக்கு உப்பளத்தில் 'ராசிக்காரர்' என்று பெயராம். புது வண்டி வாங்கினால் அவரைக் கூப்பிட்டு முதலில் ஓட்டச் சொல்கிறார்களாம்! ஒரே காசு. ஒரே ஏமாற்று. ஆணுக்கு ராசி, விதவைக்குத் தோஷம். காசைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நெற்றியையும் தலையையும் பார்ப்பதற்கு மட்டும் அத்தனை பேருக்கும் தோன்றியது.

சனிக்கிழமை காலை உப்பளத்துக்குப் போனேன். பாய் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார். "என் கல்லாவக் கவுக்க வெச்சவரு டீச்சர். நான் வராம எப்புடி?" அஞ்சலை வரமாட்டேன் என்றாள். பிறகு எங்களுக்குப் பின்னால் வந்து, ரோட்டோரமாக நின்றுகொண்டாள்.

லாரி வந்து நின்றிருந்தது. இரண்டு செட்டும் இரண்டு பக்கம். நடுவில் கோதண்டம் மேஸ்திரி, வெள்ளைச் சட்டை, பையில் செல்போன். காசை எடுத்துக் கட்டை விரலில் வைத்திருந்தார்.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம். பாய் கடையில உங்க ராசிக் காசத் தொலைச்சீங்களாமே? இதுவான்னு பாருங்க."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு! "அட, இதேதான் டீச்சரம்மா! உங்ககிட்டயா வந்துது?" என்று பாய்ந்து வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். காசு சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது.

"ராசிக் காசுதானே? இதையே சுண்டுங்க இன்னிக்கு."

"இல்ல... இது... சாமி காசு டீச்சரம்மா."

"மூணு வாரமா அம்பது ரூபா தர்றேன்னு தேடுன காசு, சுண்டு மேஸ்திரி!" என்றார் பாய்.

கூட்டம் நெருங்கி வந்தது. ராணிதான் முதலில் கை நீட்டினாள். கெட்டிக்காரி. "குடு மேஸ்திரி, நான் போடறேன்." அவர் கொடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து விரலைப் பிரித்து எடுத்தாள். சுண்டினாள். தலை. குனிந்து எடுத்தவள் நிமிரவில்லை. குனிந்தபடியே காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசு கை மாறிக் கை மாறிப் போனது. சத்தம் ஏறியது. மேஸ்திரியின் தாய், தங்கை, பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் அங்கே வந்து போனார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது.

"வெளையாட்டுக்குச் செஞ்சு வெச்சிருந்தது டீச்சரம்மா," என்றார் மேஸ்திரி. "பாண்டியில லேத்துல தெரிஞ்ச ஆளு. எப்பவுமா போட்டேன்? நடுநடுவுல நல்ல காசும் போட்டேனே!"

கேட்டீர்களா? நடுநடுவில் நியாயமாக இருந்தாராம். அதற்கு நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

தலை செட் ஏற்றுகிற மூட்டைக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குத் தனியாக ஒரு கமிஷன் உண்டு என்பது அப்புறம் வெளியே வந்தது. தலை செட்டின் ராசிக்காரர், "எங்க மேல என்னாப்பா தப்பு? வுழுந்துது, ஏத்துனோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பூ செட்டில் ஒரு பெண்மணி மட்டும் விடவில்லை. "அது சரிம்மா. ஆனா அஞ்சல போனப்புறம் ஜெயிச்சோமே?"

"அஞ்சலை போனதால இல்ல. காசு போனதால."

"ரெண்டும் ஒரே வாரந்தானே..." என்று இழுத்தாள். விஞ்ஞானம் படித்த எனக்கு அந்த இடத்தில் தலையை லாரியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டே, இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவளுக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் பாக்கி இருக்கிறது!

ராணி ரோட்டோரம் போனாள். அஞ்சலையின் கையைப் பிடித்தாள். "வா அண்ணி. நாளைலேந்து நீயே கேளு. தப்பாப் பேசிட்டேன்."

அஞ்சலை கையை உருவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"காசு வந்து சாட்சி சொன்னாத்தான் நான் நல்லவளா? அது டீச்சர் கையில சிக்காம வேற எவன் கையிலயாச்சும் போயிருந்தா? இன்னிக்கும் நான் ராசி கெட்டவதான? எத்தினி வருசமா உங்களோட உப்பு வார்றேன்... என்னத் தெரியாதாடி உங்களுக்கு?"

அவள் திரும்பி நடந்தாள். எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். குழாயைத் திறந்து, மிச்சமிருந்த பாத்திரத்தைத் தேய்த்து முடித்தாள்.

சென்னையில் இருக்கும் உப்பள முதலாளிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப தப்பு டீச்சர். உடனே ஏற்பாடு பண்றேன்" என்றார். பண்ணினார். இனிமேல் மேஸ்திரி காசைச் சுண்டக் கூடாதாம், லாரி டிரைவர் சுண்ட வேண்டுமாம். நான் மேஸ்திரியை மாற்றச் சொன்னேன். அவர் காசை மாற்றினார். கோதண்டம் இன்றைக்கும் மேஸ்திரிதான். இழந்த லோடுகளுக்குக் கூலி? அந்தப் பேச்சை எடுத்தால் போன் லைன் சரியில்லாமல் போய்விடுகிறது.

ராணி விடவில்லை. தினமும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு நாள் கருவாடு, ஒரு நாள் முருங்கைக்காய், ஒரு நாள் வெறுங்கை. அஞ்சலை அவளோடு பேசவில்லை. ஒரு நாள் அஞ்சலையின் தம்பியும் வந்து, தெருவில் நின்று, ஒன்றும் சொல்லாமல் போனான். அதற்கு அடுத்த நாள்தான் அஞ்சலை வாய் திறந்தாள், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வர்றேன். நாந்தான் கேப்பேன். தோத்தா எவளும் என் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

போன திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் பாய் கடையில் நின்றேன். அங்கிருந்து உப்பளம் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு லாரி. டிரைவர் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, இரண்டு பக்கத்தையும் இரண்டு செட்டுக்கும் காட்டிவிட்டு, மேலே சுண்டினார். அஞ்சலையின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. "பூ!"

நம்ம கதை சினிமாவாக இருந்தால் என்ன விழுந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தலை விழுந்தது.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பூ செட்டில் ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். ஒருத்தி குனிந்து செருப்பைச் சரி செய்தாள். மற்ற அத்தனை பேரும், வாழ்க்கையில் லாரி டயரையே பார்த்திராதவர்களைப் போல, லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ராணி தன் கூடையோடு அஞ்சலையின் கூடையையும் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வா அண்ணி, போலாம்" என்றாள்.

அன்றைக்குப் போனது ஒரு லோடு. அவ்வளவுதான்.